கேள்வி – பதில்: ராச்டேல் என்றொரு ஆலை நகரம்

சென்ற இதழில், நியாயவிலைக் கடைகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்குத் தாய்வீடு இங்கிலாந்தின் ராச்டேல் நகரம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே ஒதுக்குகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

பருத்திச் செடி முளைக்காத குளிர் நாட்டில் பஞ்சாலைகள் எப்படிப் பெருகின? ராச்டேல் எங்கே இருக்கிறது? – வாசகர், ராஜபாளையம்

மான்செஸ்டருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், பென்னைன் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், ராச் என்னும் சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. முன்பு லங்காஷயர் மாவட்டம். 1974 முதல் பெருமான்செஸ்டரைச் சேர்ந்தது.

பருத்திக்கு முன்னால் அந்த ஊருக்குச் சோறு போட்டது ஆட்டு ரோமம். மலைச் சரிவுகளில் நெல்லோ கோதுமையோ விளையாது. ஆடு மேயும், ஓடை ஓடும். குடியானவர்கள் வீட்டு மாடியில் தறி போட்டு, வெளிச்சத்துக்காக ஒரு சுவர் நெடுக வரிசையாகச் சன்னல்கள் வைத்துக் கம்பளி நெய்தார்கள். ஃபிளானல் என்னும் மெத்தென்ற கம்பளித் துணிக்கு ராச்டேல் பெயர்பெற்ற ஊர். அந்த நெசவுப் பழக்கமும், சக்கரத்தைச் சுழற்ற ஓடைநீரும், பின்னர் நீராவிக்கு நிலக்கரியும், நூல் அறாமல் காக்கும் ஈரக்காற்றும் ஏற்கெனவே இருந்த இடத்துக்குத்தான் பருத்தி வந்து சேர்ந்தது. மலையைக் கடந்து செல்லும் ராச்டேல் கால்வாய் 1804-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது; 1839-இல் ரயில் வந்தது. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சுப் பொதி ஆலை வாசலுக்கே வந்துவிட்டது. ஆனாலும் கம்பளி போய்விடவில்லை. பருத்தியும் ஃபிளானலும் பக்கத்துப் பக்கத்தில் நடந்த ஊர் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த பதிலுக்கு அது வேண்டியிருக்கிறது.

28 ஏழை நெசவாளர்கள் கடை திறந்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். கூலி போதவில்லை என்றால் கூலி உயர்வு கேட்பதுதானே முறை? மளிகைக் கடை எதற்கு? – கூட்டுறவுப் பயிற்சி மாணவி, மதுரை

கூலி உயர்வும் கேட்டார்கள். 1844-ஆம் ஆண்டில் ஃபிளானல் நெசவாளர்கள் செய்த வேலைநிறுத்தம் தோற்றது. அதற்குப் பின்னர்தான், வருகிற கூலியை உயர்த்த முடியாவிட்டால் அது போகிற வழியையாவது அடைப்போம் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அந்தப் போகிற வழி என்ன என்று பார்க்க வேண்டும். கூலிக்குப் பதிலாகச் சரக்கையும் சீட்டையும் கொடுத்து, தம் கடையிலேயே வாங்கச் சொல்லும் முதலாளிகள் அந்நாளில் இருந்தார்கள். 1831-இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்த பிறகும் வழக்கம் உடனே ஒழியவில்லை. மற்றக் கடைகளில் கடன் பற்று. பற்று ஏட்டில் பெயர் ஏறிவிட்டால், சர்க்கரையில் மணல் இருக்கிறது என்றோ மாவில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்றோ வாயைத் திறக்க முடியாது. கடன் கொடுத்த கடைக்காரன் எதைப் பொட்டலம் கட்டினாலும் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

பாடப்புத்தகத்தில் ஒரு சிறு திருத்தம். அந்த 28 பேரும் நெசவாளர்கள் அல்லர். நெசவாளர்கள் இருந்தார்கள், அவர்களோடு தச்சர், மரக்கட்டைக் காலணி செய்பவர், ரோமம் தரம் பிரிப்பவர், ஆலையில் பாவு ஓட்டுபவர் ஆகியோரும் இருந்தார்கள். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகளும், கூட்டுறவுச் சிந்தனையாளர் ராபர்ட் ஓவனின் சமுதாயக் கருத்துகளில் ஊறியவர்களும் அவர்களிடையே மிகுதி. பட்டினி மட்டும் கடையைத் திறந்துவிடவில்லை. கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, தணிக்கை பார்த்துப் பழகிய கைகள் அவை. ‘ஏழை நெசவாளர்’ என்று சொல்லிப் பரிதாபப்படுவது அவர்களுடைய படிப்பைக் குறைத்துச் சொல்வதாகும் என்பது என் கருத்து.

வாரத்துக்கு இரண்டு பென்னி, பிறகு மூன்று பென்னி என்று சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுண்டு பங்காக 28 பவுண்டு திரட்டினார்கள். டோட் லேன் என்ற தெருவில் 31-ஆம் எண் கிடங்கின் தரைத்தளத்தை ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குப் பிடித்தார்கள். வாடகையும் சாமான்களும் போக, சரக்குக்கு மிஞ்சியது பதினாறு பவுண்டுச் சொச்சம். 1844 டிசம்பர் 21, சனிக்கிழமை மாலை கடை திறந்தது. ஆண்டின் மிக நீண்ட இரவு அது. வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி: இவ்வளவுதான் சரக்கு. ஆலையில் நூல் சுற்றும் கதிர்களை மாற்றும் பொடியன்கள் வாசலில் கூடி நின்று ‘கிழட்டு நெசவாளர்கள் கடை திறந்துவிட்டார்களடா’ என்று கேலி செய்து கூச்சலிட்டதாக, அந்தச் சங்கத்தின் முதல் வரலாற்றை எழுதிய ஹோலியோக் குறிப்பிடுகிறார்.

டோட் என்றால் தேரை அல்லவா? தேரைச் சந்து என்று ஒரு தெருவுக்குப் பெயர் வைப்பார்களா? – வாசகர், நாகர்கோவில்

‘பழைய சந்து’ என்று பொருள்படும் ‘தி ஓல்ட் லேன்’ என்பதை அந்த ஊர்ப் பேச்சில் ‘டவுட் லேன்’ என்று சொல்வார்களாம். எழுதியவர் காதில் அது தேரையாக விழுந்திருக்கிறது. நம்மூர்ப் பெயர்ப்பலகைகளில் இதைவிட விந்தைகள் உண்டு.

ராச்டேலுக்கு முன்னாலும் கூட்டுறவுக் கடைகள் இருந்தன என்கிறார்கள். பிறகு ஏன் புகழ் மட்டும் இந்த ஊருக்கு? – ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர், ஈரோடு

அனுபவப்பட்டவரின் கேள்வி. ஸ்காட்லாந்தின் ஃபென்விக் கிராமத்து நெசவாளர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன், ராச்டேலிலேயே, அதே டோட் லேனிலேயே, 1833-இல் ஒரு கூட்டுறவுக் கடை திறந்து இரண்டே ஆண்டுகளில் மூழ்கிப்போயிற்று. மூழ்கடித்தது கடன். உறுப்பினர்களுக்குப் பற்று எழுதினார்கள், பற்று வசூலாகவில்லை. 1844-இல் கூடியவர்களில் சிலருக்கு அந்தச் சூடு நினைவில் இருந்தது. ஆகவே கடன் கிடையாது, ரொக்கம்தான் என்பதை விதியாகவே எழுதினார்கள்.

இன்னொரு விதிதான் உண்மையில் கடையை வளர்த்தது. சரக்கை ஊர் விலைக்கே விற்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு முடித்து, பங்குக்கு அளவான வட்டி கொடுத்ததுபோக மிஞ்சும் இலாபத்தை, யார் எவ்வளவு பங்கு போட்டார் என்று பாராமல், யார் எவ்வளவு சாமான் வாங்கினார் என்று பார்த்துப் பிரிப்பது. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் அதன் சூட்சுமம் விளங்கும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் ஆதாயம் என்று சங்கம் அறிவித்தால், அந்தக் காலாண்டில் ஆறு பவுண்டுக்குச் சாமான் வாங்கிய குடும்பத்துக்கு ஆறு ஷில்லிங் வரவாகும். பையிலிருந்து தனியாக எடுத்துச் சேமிக்க வழியில்லாத வீட்டில், உண்ட சோறே சேமிப்பாகிறது. அதை எடுத்துக்கொள்ளலாம், சங்கத்திலேயே விட்டுவைத்தால் பங்காக வளரும். குறைந்த விலைக்கு விற்றிருந்தால் பக்கத்துக் கடைக்காரர்களின் பகையும் வந்திருக்கும், மிச்சம் பிடித்த காசும் அன்றன்றே கரைந்திருக்கும்.

எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பெண்களுக்கும் அதே வாக்கு. 1846-இல் எலைசா பிரையர்லி என்பவர் உறுப்பினரானார். மணமான பெண்ணின் சொத்து கணவனுக்கே உரியது என்று நாட்டின் சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

எல்லாம் கொள்கையின் வெற்றி என்றும் சொல்லிவிடக் கூடாது. 1848-இல் உறுப்பினர்கள் 140 பேர், 1849-இல் 390, 1850-இல் 600. இந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்கு ஒரு காரணம், 1849-இல் ராச்டேல் சேமிப்பு வங்கி முறிந்ததுதான். அதன் கணக்கை நம்பிக்கையோடு ஒப்படைத்திருந்த மனிதர் இறந்த பிறகு பார்த்தால், ஏழைகளின் வைப்புத்தொகையில் பெரும்பகுதியைக் காணோம். மிஞ்சிய காசை வைக்க இடம் தேடியவர்களின் கண்ணுக்கு, காலாண்டுதோறும் கணக்கைப் படித்துக்காட்டும் மளிகைக் கடை வங்கியைவிட நாணயமாகத் தெரிந்தது. 1860-இல் உறுப்பினர்கள் 3,450 பேர். இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை கல்விக்கென்று ஒதுக்கினார்கள். கடைக்கு மேல்மாடியில் வாசகசாலை, நூலகம். உறுப்பினர்கள் நுண்ணோக்கியைக்கூட வாடகைக்கு எடுத்துப்போகலாம். வெண்ணெய்க் கடையில் நுண்ணோக்கி வாடகைக்குக் கிடைத்தது என்ற ஒரு செய்திக்காகவே எனக்கு அந்த ஊரைப் பிடிக்கும்.

கடையில் காட்டிய நீதியை ஆலைத் தொழிலாளிக்கும் காட்டினார்களா? – வாசகர், கோயம்புத்தூர்

காட்டத் தொடங்கினார்கள், பிறகு கைவிட்டார்கள். 1854-இல், ‘ராச்டேல் முன்னோடிகள்’ என்று பெயர்பெற்ற அந்தக் கடைச் சங்கத்தாரே ராச்டேல் கூட்டுறவு உற்பத்திச் சங்கத்தைத் தொடங்கி, பின்னர் மிட்செல் ஹே என்ற இடத்தில் பஞ்சாலையும் கட்டினார்கள். பங்குதாரருக்கு வட்டி போக மீதி இலாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு என்பது ஏற்பாடு. ஆலை நன்றாக ஓடியது; நன்றாக ஓடியதாலேயே, கூட்டுறவில் ஈடுபாடு எதுவுமின்றி ஈவுத்தொகைக்காகப் பங்கு வாங்கியவர்கள் பெருகினார்கள். 1862-இல் வாக்கெடுத்து, தொழிலாளியின் பங்கை நீக்கிவிட்டார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அதே விதியால்தான் இதுவும் நடந்தது. கூட்டுறவு நூல்கள் 1844-க்குக் கொடுக்கும் பக்கங்களில் பத்தில் ஒரு பங்கை 1862-க்கும் கொடுத்திருக்கலாம்.

அக்கால நெசவுக் கூடத்துக்குள் வேலை எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறிதான். – வாசகர், குமாரபாளையம்

உங்களுக்குச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும் கூடத்தில் பேச்சு கேட்காது. ஆகவே லங்காஷயர் நெசவுப் பெண்கள் சத்தமில்லாமல், உதட்டை அகல அகல அசைத்து முகத்தாலேயே பேசினார்கள். அதற்கு ‘மீ-மா’ என்று பெயர். கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவளிடமும் வம்பளக்கலாம். விடியற்காலையில் நீண்ட கழியால் மாடிச் சன்னலைத் தட்டி எழுப்புவதற்கென்றே கூலிக்கு ஆள் இருந்தார். பிறகு இரும்பு லாடம் அடித்த மரக்கட்டைக் காலணிகள் கல்பாவிய தெருவில் தடதடவென்று ஆலைக்குப் போகும்.

நாடாவில் (ஊடை நூலைக் கொண்டு தறியில் ஓடும் கட்டையில்) நூல் தீர்ந்ததும் புதுத் தாரை (நூல் சுற்றிய குழலை)ப் போட்டு, நூல் நுனியை நாடாவின் கண் வழியே வெளியே எடுக்க வேண்டும் அல்லவா? அங்கே அதை வாயால் உறிஞ்சி எடுத்தார்கள். கண்ணின் வெளிப்பக்கம் உதட்டை வைத்து ஒரு இழுப்பு; நூலோடு பஞ்சுத் தூசும் எண்ணெயும் வாய்க்குள் போகும். ஒரு நாளைக்கு எத்தனை தார் மாற்றுகிறோமோ அத்தனை முறை. ஒருத்தி வாய் வைத்த நாடாவில் இன்னொருத்தியும் வாய் வைப்பாள். இதற்கு ‘நாடாவை முத்தமிடுதல்’ என்று அழகான பெயர் வேறு. முன்பற்கள் சொத்தையாவதும் நோய் தொற்றுவதும் நெடுங்காலமாகப் பேசப்பட்டும், லங்காஷயரில் அதற்குத் தடை வந்தது 1952-இல்தான். தடைக்குப் பிறகும் சில இடங்களில் தொடர்ந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு? – கல்லூரி மாணவர், திருச்சி

லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி, அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. 1861-இல் போர் மூண்டு, வடமாநிலக் கப்பல்கள் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் வரத்து நின்றது, ஆலைகள் மூடின. இதைத்தான் பருத்திப் பஞ்சம் என்கிறார்கள். இந்தியப் பஞ்சு கைகொடுத்தது. ஆனால் ‘சூரத்’ என்று அவர்கள் அழைத்த அந்தக் குட்டை இழைப் பஞ்சு, நீள இழைக்குப் பழகிய எந்திரங்களில் அறுந்து அறுந்து விழுந்தது. துண்டுக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு அறுந்த நூல் அறுந்த கூலிதான். ‘ஆண்டவரே, பஞ்சு அனுப்பும், ஆனால் சூரத்தை அனுப்பாதேயும்’ என்று ஒருவர் வேண்டிக்கொண்டதாகக் கதையே உண்டு.

இத்தனைக்கும் நடுவே, 1862-ஆம் ஆண்டின் கடைசி நாளில் மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள், அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அவரும் 1863 ஜனவரியில் நன்றி கூறிப் பதில் எழுதினார். லங்காஷயர் முழுவதும் ஒருமுகமாக வடக்கின் பக்கம் நின்றது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. தெற்கின் சுதந்திரத்தை ஏற்று முற்றுகையை உடையுங்கள் என்று கேட்ட ஊர்களும் உண்டு. ராச்டேல் வடக்கின் பக்கம் உறுதியாக நின்றதற்கு, அடுத்த பதிலில் வரும் மனிதர் ஒரு காரணம். கம்பளியும் இருந்ததால் பட்டினி மற்ற ஊர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். வடமாநிலத்தார் ‘ஜார்ஜ் கிரிஸ்வோல்ட்’ என்ற கப்பலில் லங்காஷயருக்கு உணவு அனுப்பினார்கள். அதில் வந்த மாவுப் பீப்பாய் ஒன்றை ராச்டேல் அருங்காட்சியகத்தில் காத்து வருகிறார்கள். வேலையிழந்தவர்களைக் கொண்டு, நிவாரணப் பணியாகக் கல் பாவிய ரூலி மூர் சாலை இன்றும் ஊருக்கு வடக்கே மேட்டுநிலத்தில் ஏறிப்போகிறது. பஞ்சைப் பிரித்துப் பழகிய விரல்கள் பாறைக்கல்லைப் பதித்த அந்தச் சாலைக்குப் ‘பருத்திப் பஞ்சச் சாலை’ என்றே பெயர்.

ஜான் பிரைட் இந்தியாவுக்கு நண்பர் என்கிறார்கள். ஆலை முதலாளி எப்படி நண்பராவார்? – வாசகர், காரைக்குடி

1811-இல் ராச்டேலில் பிறந்து, 1889-இல் இறந்து, அங்கேயே குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையின் இடுகாட்டில் எளிய கல்லறையில் அடங்கியவர் பிரைட். தந்தையின் பஞ்சாலையில் வளர்ந்தவர். தானிய இறக்குமதிக்குத் தடையாக இருந்த சட்டங்களை அரசியல்வாதி ரிச்சர்ட் காப்டெனோடு சேர்ந்து தகர்த்தார்; கிரைமியப் போரை எதிர்த்துப் பதவியிழந்தார்; அமெரிக்க அடிமை முறையைக் கடைசிவரை கண்டித்தார். 1848-இல் இந்தியாவில் பருத்தி விளைச்சலைப் பற்றி ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் அவர். 1858-இல், கல்கத்தாவில் ஒரே தலைமை ஆளுநரை வைத்து இத்தனை பெரிய நாட்டை ஆள்வது பொருந்தாது, சென்னை உள்ளிட்ட ஐந்து மாகாணங்களைச் சமமாகப் பிரித்துத் தனித்தனியே நடத்துங்கள் என்று பேசினார்.

நண்பரா என்றால், நண்பர்தான்; ஆனால் பஞ்சு வேண்டிய நண்பர். அடிமை பறிக்காத பஞ்சு ஒரு கடலுக்கு அப்பால் கிடைக்குமென்றால் அது அவருடைய மனச்சாட்சிக்கும் நல்லது, ஆலைக்கும் நல்லது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேர வேலை என்று வரம்பு கட்டிய 1847-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ராச்டேல் நகர்மன்றக் கட்டடத்தை ஹிட்லர் பெயர்த்தெடுத்துப்போக ஆசைப்பட்டாராமே? – வாசகர், சேலம்

ஊர்க்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை, ஆதாரமில்லை. கட்டடம் கதை தேவைப்படாத அளவுக்கு அழகானது. கட்டடக் கலைஞர் கிராஸ்லண்ட் வரைந்தது, 1871-இல் திறந்தது, போட்ட மதிப்பீட்டைப் பன்மடங்கு தாண்டி ஏறத்தாழ 1,60,000 பவுண்டு விழுங்கியது. 1883-இல் கோபுரம் எரிந்துபோய், இப்போதுள்ள கோபுரத்தை வாட்டர்ஹவுஸ் கட்டினார். நெடிய புதுப்பிப்பு வேலைக்குப் பிறகு 2024-இல் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நோயைப் பற்றிய கட்டுரையில் ராச்டேல் பெயரைப் பார்த்தேன். பஞ்சு ஊரில் கல்நார் எப்படி வந்தது? – மருத்துவ மாணவி, தஞ்சாவூர்

பஞ்சு நூற்ற எந்திரத்தில் கல்நாரையும் நூற்கலாம் என்று கண்டுகொண்டதால் வந்தது. நீராவி எந்திரங்களுக்குத் தீப்பிடிக்காத பொதிவு வேண்டியிருந்தது. ஸ்பாடன் ஓடைப் பள்ளத்தாக்கில் இருந்த டர்னர் சகோதரர்கள் ஆலை, 1879 முதல் விசை எந்திரத்தில் கல்நார்த் துணி நெய்தது. அங்கே நூற்ற நெல்லி கெர்ஷா, 1924-இல் தம் 33-ஆம் வயதில் நுரையீரல் கெட்டு இறந்தார். நோய்க்காலத்தில் அவர் கேட்ட உதவித்தொகையை, அது தொழிலால் வந்த நோயல்ல என்று சொல்லி நிறுவனம் மறுத்துவிட்டது. அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள்கள் இருந்ததை மருத்துவர் குக் மரண விசாரணையில் சொன்னார், அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழிலும் எழுதினார். கல்நாரால் நேர்ந்த மரணம் ஒன்று மருத்துவ ஏட்டில் ஏறியது அப்போதுதான். அதன்பின் அரசு விசாரணை நடந்து, 1931-இல் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

நம் ஊருக்கு ராச்டேல் முறை எப்போது வந்தது? – வாசகர், சென்னை 5

நீங்கள் குடியிருக்கும் திருவல்லிக்கேணிக்கே 1904-இல் வந்தது. வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் உள்ளிட்ட சிலர் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், ராச்டேல் கடையை முன்மாதிரியாக வைத்துக்கொண்டது. அதே 1904-இல் அரசு கொண்டுவந்த கூட்டுறவுச் சட்டமோ ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதியது. சென்னை மாகாணத்து அதிகாரி நிக்கல்சன் ஐரோப்பாவைச் சுற்றிப்பார்த்துக் கொடுத்த அறிக்கை அதற்குப் பின்னணி. கடனல்லாத சங்கங்களுக்கும் சட்டத்தில் தாராளமாக இடம் கிடைத்தது 1912-இல். சட்டத்துக்குக் காத்திராமல் பண்டகசாலை முறையைக் கொண்டுவந்தவர்கள் உங்கள் பேட்டைக்காரர்கள்.

மான்செஸ்டரில் மகன் வீட்டுக்குப் போகிறேன். ராச்டேலில் இன்று பார்க்க என்ன இருக்கிறது? – வாசகர், திண்டுக்கல்

டிராமிலேயே போகலாம், நகர்மையத்துக்கு 2014 முதல் தடம் உண்டு. ஆலைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1959-இல் தறிகளையும் கதிர்களையும் உடைத்துப்போட அரசே முதலாளிகளுக்குப் பணம் கொடுத்தது; எஞ்சிய ஆலைகளின் இரவு முறைக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இன்று அந்த ஊர்க்காரர்கள். ராச் ஆற்றை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடி மேலே சாலை போட்டிருந்தார்கள். 2016-இல் அதன் ஒரு பகுதியை மறுபடி திறந்துவிட்டார்கள். நகர்மன்றத்திலிருந்து சில நிமிட நடையில் டோட் லேன். தெருவில் பெரும்பகுதி வணிக வளாகத்துக்குள் போய்விட்டது; 31-ஆம் எண் மட்டும் 1931 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. வாசலில் குனிந்து நுழைந்தால், தரையில் மாவுப் பீப்பாயும் பலகை மேல் தராசுமாக, நம்மூர்ப் பெட்டிக்கடையைவிடச் சற்றே பெரிய ஒரு அறை.